லோடு வண்டியின் முன் சக்கரம்: அளவுநாடா விவசாயி கையிலேயே இருக்கட்டும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே வந்து நிற்கும் சிறு லோடு வண்டிகளின் முன் டயர்களைச் சற்றுக் குனிந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சில வண்டிகளில் டயரின் நடுவில் பட்டன் நன்றாகவே இருக்கும். வெளி ஓரம் மட்டும் வழுக்கைத் தலை போலத் தேய்ந்திருக்கும். உரிமையாளரைக் கேட்டால் டயர் கம்பெனியைக் குறை சொல்வார். அல்லது ரோட்டைக் குறை சொல்வார். புது டயர் இரண்டு வாங்கிப் போட்டு, அதுவும் அதே ஓரத்தில் தேய ஆரம்பித்த பிறகுதான் "அலைன்மென்ட் பார்க்க வேண்டுமோ?" என்ற எண்ணம் வருகிறது. அதற்குள் ஒரு வெள்ளாமையின் லாபத்தில் கணிசமான பகுதி ரோட்டில் ரப்பர் தூளாகப் போய்விடுகிறது.

முன் சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா என்று பார்ப்பது பெரிய பட்டறைகளில் மட்டுமே நடக்கக்கூடிய வேலை என்று பல விவசாயிகள் நினைத்துவிட்டார்கள். இந்த எண்ணம் பாதிதான் சரி. சக்கரக் கோணங்கள் பலவற்றைப் பட்டறையில்தான் அளக்க முடியும். ஆனால் டயரை அதிகமாகத் தின்பதும், அடிக்கடி மாறிப்போவதும், ஒரு இரும்பு அளவுநாடாவும் தூக்குக்குண்டும் கொண்டு நெல் உலர்த்தும் களத்திலேயே அளந்துவிடக் கூடியதும் ஒன்று உண்டு. அதை அளக்கும் உரிமையை விவசாயி விட்டுக்கொடுக்கலாகாது.

மாட்டு வண்டிக் காலத்தில் இப்படி யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டி பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பதும், அச்சுக்கு மசகு போடுவதும் வண்டிக்காரர் வேலையாகவே இருந்தது. குடம் தளர்ந்து சக்கரம் ஆடினால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பட்டை கட்டத்தான் ஆசாரியிடம் போவார்கள். ஆடுகிறதா என்று பார்க்க ஆசாரியிடம் போனதில்லை. 2005-ம் ஆண்டு டாடா ஏஸ் வந்து "குட்டியானை" என்று பெயர் வாங்கிய பிறகு, சிறு விவசாயிகள் பலர் கூட்டாகவோ கடனிலோ நாலு சக்கர வண்டிக்குச் சொந்தக்காரர்களானார்கள். வண்டி வீட்டுக்கு வந்தது. தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் கூட வரவில்லை.

என்ன அளக்க வேண்டும்?

வண்டியின் முன் நின்று பார்க்கும்போது இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது போலத் தெரியும். உண்மையில், பின் சக்கரம் இழுக்கும் வண்டிகள் பெரும்பாலானவற்றில், சக்கரங்களின் முன் விளிம்புகள் பின் விளிம்புகளைவிட ஓரிரு மில்லிமீட்டர் நெருங்கியிருக்கும்படி வைக்கிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் டோ-இன் என்கிறார்கள். வண்டி ஓடும்போது ரோட்டின் எதிர்ப்பு சக்கரங்களின் முன்பக்கத்தை வெளியே தள்ளும். மூட்டுகளில் உள்ள சிறு தளர்ச்சியும் அதற்கு இடம் கொடுக்கும். நிற்கும்போது சற்று உள்நோக்கி இருந்தவை ஓடும்போது நேராகிவிடும். அதற்காகவே இந்த ஏற்பாடு.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குட்டியானையின் 145 ஆர் 12 டயரின் குறுக்களவு சுமார் 54 சென்டிமீட்டர். முன் விளிம்புகளுக்கும் பின் விளிம்புகளுக்கும் உள்ள வித்தியாசம் தேவைக்கு மேல் 5 மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இரண்டு டயர்களும் சேர்ந்து ஏறக்குறைய 9 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. டயர் ஒன்றுக்கு நாலரை மீட்டருக்கு மேல். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்ப 40 கிலோமீட்டர் என்றால், டயர் ஒவ்வொன்றும் 180 மீட்டருக்கு மேல், அதாவது ஒரு பர்லாங்குக்குக் கொஞ்சம் குறைவான தூரம், ஒவ்வொரு நடையிலும் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. ரப்பர் வளைந்துகொடுப்பதால் கணக்கு அப்படியே நடப்பதில்லை என்றாலும், தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்து விளங்கும். 5 மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் கனம்கூட இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவு அல்ல அது.

கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். வண்டி நிற்கும்போது, டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒரு முறையும், உள்பக்கத்திலிருந்து வெளி ஓரமாக ஒரு முறையும் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை. உள்ளிருந்து வெளியே தடவும்போது மட்டும் அரிவாள்மணையின் பல் போலக் கையில் உறுத்தினால், டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது உறுத்தினால் சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருக்கின்றன. இந்தச் சோதனைக்குக் கால் காசு செலவில்லை. வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்கும்போதே செய்துவிடலாம்.

எல்லாத் தேய்மானமும் அலைன்மென்ட் கோளாறு என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டு ஓரமும் சமமாகத் தேய்ந்து நடு மட்டும் நிற்கிறதென்றால் காற்றுக் குறைவு, அல்லது பாரம் அதிகம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் உறுத்தலில்லாமல் வழவழப்பாகத் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்திருக்கிறது. அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால் பேரிங்கோ, ஷாக் அப்சார்பரோ, சக்கரத்தின் சமநிலையோ கெட்டிருக்கும். வெண்டைச் செடியில் இலை மஞ்சளானால் எல்லாவற்றுக்கும் யூரியா போடுவதில்லை அல்லவா? டயரும் அப்படித்தான்.

அளப்பதற்கு முன் ஆட்டிப் பார்க்க வேண்டும்

அளவுநாடாவை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டறைகள் சிலவற்றில்கூட அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த கம்ப்யூட்டர் மிஷினில் அளந்தாலும் அந்த அளவுக்கு மதிப்பில்லை. மூட்டு தளர்ந்த வண்டியின் சக்கரம் அளக்கும்போது ஒரு இடத்திலும் ஓடும்போது வேறு இடத்திலும் இருக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹாண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முன் அச்சை ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான மரக்கட்டையோ இரும்பு முக்காலியோ அச்சுக்கு அடியில் வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டலாகாது. செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பதும் ஆகாது. செங்கல் சொல்லாமல் உடையும்.

சக்கரத்தின் இடப்புறமும் வலப்புறமும் கைகளை வைத்து முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் டை ராடு எண்டுகளில் விரலை வைத்துப் பார்க்கட்டும். விரலில் "டக்" என்று தட்டினால் அந்த எண்டு தேய்ந்துவிட்டது. அடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங் பின். பிரேக்கை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதும் ஆட்டம் தொடர்ந்தால் குற்றம் கிங் பின்னில் இருக்கும். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் நின்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். தேய்ந்தவற்றை மாற்றாமல் டோ-இன் சரிசெய்வது, ஓட்டைக் குடத்துக்கு அளந்து தண்ணீர் ஊற்றுவது போன்றது.

முன்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வரப்பிலும் ஓடைப் பள்ளத்திலும் பாரத்துடன் இறங்கி ஏறும்போது, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் சில சமயம் உடைந்துவிடும். அச்சு ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். வண்டியை நேராக வைத்து, இடப்பக்க முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவுக்கும், வலப்பக்கத்தில் அதேபோலவும் அளந்தால் தெரிந்துபோகும். இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் டை ராடைத் தொடுவது வீண். முதலில் பட்டைக் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

களத்தில் நான்கு புள்ளிகள்

ஆட்டம் எதுவும் இல்லை, காற்று இரு பக்கமும் சமம், முன் டயர்கள் இரண்டும் ஒரே அளவு என்று உறுதியான பிறகு அளக்கத் தொடங்கலாம். சிமென்ட் களம் இதற்கு மிகவும் ஏற்றது. சாணம் மெழுகிய களத்தில் புள்ளி நிற்காது.

வண்டி இன்னும் தூக்கிய நிலையில் இருக்கும்போதே, டயரின் நடுப்பகுதியில் சாக்பீஸை வைத்துச் சக்கரத்தைச் சுற்றி வெள்ளையடித்துவிட வேண்டும். பிறகு ஒரு பலகையில் அடித்த ஆணியின் முனையை அந்த வெள்ளைமேல் படும்படி தரையில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு முழுச்சுற்று சுற்றினால் மெல்லிய கோடு ஒன்று விழும். டயர் சற்று நெளிந்திருந்தாலும், ரிம் வளைந்திருந்தாலும் இந்தக் கோடு நெளியாது. ஆணி ஒரே இடத்தில் நின்றதுதான் காரணம். ரிம்மையோ டயரின் பக்கத்தையோ தொட்டு அளப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மறு சக்கரத்துக்கும் இதேபோல் கோடு போட்டு, வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, நாலைந்து மீட்டர் முன்னோக்கித் தள்ளி நிறுத்த வேண்டும். பின்னோக்கித் தள்ளி நிறுத்தினால் மூட்டுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அளவு தப்பும். ஜாக்கியிலிருந்து இறக்கிய இடத்திலேயே அளந்தாலும் தப்பும். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பும்படியே வண்டிகள் அமைக்கப்படுகின்றன. குதிரைக் கோச்சு வண்டிகளுக்காக லாங்கன்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்து, 1818-ல் ஆக்கர்மன் என்பவர் இங்கிலாந்தில் பதிவு செய்த அமைப்பு இது. ஆகவே திரும்பிய நிலையில் அளந்த அளவு எதற்கும் உதவாது.

இனி கொத்தனாரின் தூக்குக்குண்டு. டயரின் முன்பக்கத்தில் மிகவும் முன்னே துருத்திக்கொண்டிருக்கும் இடம் சக்கர நடுவின் உயரத்தில்தான் இருக்கும். கோட்டின்மேல் நூலை வைத்துக் குண்டைத் தொங்கவிட்டால், நூல் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு தரைவரை தடையில்லாமல் இறங்கும். குண்டின் முனை காட்டும் இடத்தில் களத்தின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். டயரின் பின்பக்கத்திலும் அப்படியே. இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து நான்கு புள்ளிகள் கிடைக்கும். காற்றடிக்கும் வேளையில் இந்த வேலை வேண்டாம். காலையிலேயே முடித்துவிடுவது நலம்.

வண்டியை அப்பால் தள்ளிவிட்டால் களத்தில் நான்கு புள்ளிகள் மட்டும் நிற்கும். அடியில் படுத்துக்கொண்டு, இஞ்சின் இடிக்க, நாடாவை வளைத்துப் பிடிக்க வேண்டியதில்லை. முன் புள்ளிகள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு, பின் புள்ளிகள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு என்று இரும்பு நாடாவால் அளந்து, கழித்துப் பார்த்தால் போதும். துணி நாடா நீளும். அது தையல்காரரோடு இருக்கட்டும். முன்பக்கம் 1,296 மில்லிமீட்டர், பின்பக்கம் 1,304 மில்லிமீட்டர் என்றால் டோ-இன் 8 மில்லிமீட்டர்.

ஒரு முறை அளந்ததை நம்பி ஸ்பானரை எடுக்கலாகாது. வண்டியைத் திரும்ப முன்னோக்கி உருட்டி இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். மூன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் அளவு சரி. ஒத்துப்போகாவிட்டால் கை தப்பியிருக்கிறது, அல்லது எங்கோ ஒரு மூட்டு ஆடுகிறது.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வண்டியோடு தந்த புத்தகம் சொல்லும். சிறு லோடு வண்டிகளுக்குப் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து 3 மில்லிமீட்டர் போன்ற சிறிய அளவாகவே இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு வண்டியின் அளவு இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. சில புத்தகங்களில் மில்லிமீட்டருக்குப் பதில் டிகிரியில் போட்டிருப்பார்கள். 54 சென்டிமீட்டர் டயருக்கு ஒரு டிகிரி என்பது சுமார் 9.4 மில்லிமீட்டர், அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். புத்தகம் தொலைந்துபோயிருந்தால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நலம். டீக்கடையில் கேட்டு வைப்பது வேண்டாம்.

திருப்புவது சிறிது, மாறுவது பெரிது

முன்னால் ஒரே நீள அச்சும், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே டை ராடும் உள்ள வண்டிகளில் சரிசெய்யும் வேலையையும் கைப்பழக்கம் உள்ள விவசாயி செய்துகொள்ளலாம். டை ராடின் ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் இருந்தால், இரு முனைக் கிளாம்புகளையும் தளர்த்தி நடுக்குழாயைப் பைப் ரெஞ்சால் திருப்பினால் நீளம் கூடும் அல்லது குறையும். ராடு அச்சுக்குப் பின்னால் இருந்தால், நீளம் கூடும்போது டோ-இன் கூடும். அச்சுக்கு முன்னால் இருந்தால் நேர்மாறாக நடக்கும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாராமல் திருப்பியவர்கள் கோளாறை இரட்டிப்பாக்கியதுண்டு.

எவ்வளவு திருப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மரையின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்றால், ஒரு முழுச்சுற்றில் இரு முனையும் சேர்ந்து ராடின் நீளம் 3 மில்லிமீட்டர் மாறும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த 3 மில்லிமீட்டர் டயர் விளிம்பில் சுமார் 11 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். மேலே சொன்ன வண்டிக்குப் புத்தக அளவு 2 மில்லிமீட்டர் என்றால், குறைக்க வேண்டியது 6. அரைச் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகத் திருப்பினால் போதும். கால் சுற்று திருப்பு, முன்னோக்கி உருட்டு, அள. பிறகு அடுத்த கால் சுற்று. இந்த நிதானம் இல்லாதவர் பட்டறைக்கே போவது உத்தமம்.

முடிந்தபின் இரண்டு முனைகளிலும் மரை ஏறக்குறைய சமமாக உள்ளே போயிருக்கிறதா, கிளாம்பு போல்ட்டுகள் புத்தகம் சொல்லும் இறுக்கத்தில் இருக்கின்றனவா, காட்டர் பின்கள் இடத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, எதுவும் எங்கும் உரசவில்லை என்று கண்ட பிறகு, பாரமில்லாமல் மெதுவாக ஓட்டிப் பார்த்து, மறுபடியும் ஒரு முறை அளக்க வேண்டும். பழைய மரை துருப்பிடித்து அசையாவிட்டால் மண்ணெண்ணெயோ துரு எண்ணெயோ ஊற்றி இரவெல்லாம் விட்டுவைக்கலாம். சுத்தியலால் அடிப்பது வேண்டாம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்

வீட்டில் செய்யத்தக்கது இவ்வளவுதான். சக்கரத்தின் பக்கச்சாய்வாகிய கேம்பர், கிங் பின்னின் பின்சாய்வாகிய கேஸ்டர் இவை இரண்டையும் விவசாயி தொடலாகாது. ஒரே நீள அச்சு உள்ள வண்டிகளில் கேம்பர் அச்சிலேயே அமைந்துவிட்டது. திருப்பிச் சரிசெய்ய அங்கே திருகு எதுவும் கிடையாது. அது மாறியிருக்கிறதென்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஸ்பிரிங்கில் தொங்கும் அமைப்புள்ள பிக்கப் வண்டிகளில் ஒன்றைத் திருப்பினால் இன்னொன்றும் மாறும். அவ்வகை வண்டிகளை வீட்டில் அளந்து பார்க்கலாம். திருத்துவதைப் பட்டறைக்கு விட்டுவிட வேண்டும்.

அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வளைந்த முன் அச்சைக் கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தித் தருவதும், முறிந்த டை ராடை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதும் சில இடங்களில் இன்றும் நடக்கிறது. வயலில் ஏர்க்கொழுவை ஒட்டவைப்பது போன்ற காரியமல்ல இது. அச்சும் ஸ்டியரிங் உறுப்புகளும் அடித்து உருவாக்கி, வெப்பப் பக்குவம் செய்யப்பட்ட எஃகு. நெருப்பில் காய்ச்சியதும் அந்தப் பக்குவம் போய்விடுகிறது. வெளியே பார்வைக்கு நேராக இருக்கும். உள்ளே வலு இருக்காது. பாரத்தோடு மலைப்பாதையில் இறங்கும் வண்டியில் அது முறிந்தால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. லோடு வண்டியின் பின்னால் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம், சட்டம் தடுத்தாலும், கிராமங்களில் மறையவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், புது உறுப்பு வாங்கும் செலவு பெரிதாகத் தோன்றாது.

டிராக்டர் வைத்திருப்போருக்கும் இதில் பங்கு உண்டு. 6.00-16 போன்ற வரிவரியான முன் டயர்களைத் தடவிப் பார்க்கும் சோதனை டிராக்டருக்கும் பொருந்தும். பருத்திக்கோ கரும்புக்கோ இடைவெளிக்கேற்ப முன் அச்சை நீட்டியோ சுருக்கியோ வைக்கும் டிராக்டர்கள் பலவற்றில், அதற்கேற்ப டை ராடையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் டோ-இன் அளக்கப்பட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பருவம் முழுவதும் ஓட்டுகிறவர்கள் பலர். டிராக்டர்களுக்கான அளவு லோடு வண்டியைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் மாட்டி இறங்கிய டிராக்டரின் முன் மூட்டுகளில் சேறு புகுந்துவிடும். உழவு முடிந்த அன்றே, பழைய கறுத்த கிரீஸ் வெளியே வழியும்வரை நிப்பிள்களில் புதுக் கிரீஸ் அடித்துவிட்டால், அளக்க வேண்டிய தேவையே பாதி குறையும்.

பட்டறைக்காரர்கள் இதை மறுக்கக்கூடும். தங்கள் மிஷின் ஒரே சமயத்தில் எல்லாக் கோணங்களையும் நுட்பமாக அளக்கிறது, களத்துத் தூக்குக்குண்டு அதற்கு ஈடாகுமா என்று கேட்டால், ஈடாகாது என்பதே பதில். விபத்தில் அடிபட்ட வண்டிக்கும், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும் வண்டிக்கும், கிங் பின் மாற்றிய வண்டிக்கும் மிஷின்தான் வேண்டும். நல்ல பட்டறை விவசாயிக்கு நண்பன். ஆனால் மிஷின் டவுனில் இருக்கிறது. குழியில் விழுந்த வண்டி கிராமத்தில் நிற்கிறது. டவுன் வரை 30 கிலோமீட்டர் போய், ஒரு பகல் வேலையை இழந்து, கூலி கொடுத்து, "எல்லாம் சரியாகவே இருக்கிறது" என்று தெரிந்துகொண்டு திரும்புவதைவிட, வீட்டில் அரைமணி நேரத்தில் அதைத் தெரிந்துகொள்வது மேல். தவிர, வீட்டில் அளந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "எண்டு இரண்டும் மாற்ற வேண்டும்" என்று சொன்னால், "எந்த எண்டு ஆடுகிறது, காட்டுங்கள்" என்று கேட்க அவரால் முடியும்.

ஒவ்வொருவரும் தனித்தனியே முக்காலியும் தூக்குக்குண்டும் இரும்பு நாடாவும் வாங்க வேண்டுமென்பதும் இல்லை. ஊரில் பத்து வண்டி இருந்தால் ஒரு செட்டுச் சாமான் போதும். கூட்டுறவுச் சங்கத்திலோ உழவர் மன்றத்திலோ வைத்துக்கொள்ளலாம். தெளிப்பானையும் தார்ப்பாயையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும் ஊர்களுக்கு இது புதிதல்ல. டிராக்டர் பராமரிப்புப் பயிற்சி நடத்தும் வேளாண்மைப் பொறியியல் துறையினரும் வேளாண் அறிவியல் நிலையத்தாரும் ஒரு பகல் பொழுதை முன் சக்கரத்துக்கென்றே ஒதுக்கி, தேய்ந்த எண்டு ஒன்றையும் நல்ல எண்டு ஒன்றையும் விவசாயிகள் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னால், சுவரொட்டி நூறு ஒட்டுவதைவிடப் பயன் இருக்கும். மூட்டு "டக்" என்று தட்டுவதை ஒரு முறை விரலால் உணர்ந்தவர் பிறகு மறக்க மாட்டார்.

எப்போது பார்ப்பது? ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு முறை, தை அறுவடை முடிந்து ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் வேலை நெருக்கடியில் அகப்படாது. இவை தவிர, பாரத்தோடு பெரிய பள்ளத்தில் இறங்கினாலும், டை ராடு எண்டு மாற்றினாலும், முன் டயர் புதிதாகப் போட்டாலும் அன்றே பார்க்க வேண்டும். அளந்த தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், முன் அளவு, பின் அளவு ஆகிய நான்கையும் கொட்டகைச் சுவரிலேயே கரிக்கட்டியால் எழுதி வைத்துவிடலாம். அடுத்த முறை அளக்கும்போது, வண்டி எவ்வளவு ஓட்டத்தில் எவ்வளவு மாறுகிறது என்பதை அந்தச் சுவரே காட்டும். பழைய வண்டி வாங்க வருகிறவரும் அதைப் படித்துப் பார்க்கட்டும்.